21 செக்கன்கள்

எங்கள் வீட்டில் விலை கூடிய பொருள் எது என்று யாராவது கேட்டால், தரம் 6இல் படிக்கும் என் தம்பி முன்னறையின் மூலையைத்தான் காட்டுவான். அங்கே உம்மாவின் பழைய தையல் மேசையின் மீது ஒரு கறுப்புக் கணினி இருக்கிறது. கட்டாரில் இருக்கும் மூத்த காக்கா அனுப்பியது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னர் கார்கோ லொறி வந்து நின்றபோது, பெட்டியை இறக்குவதற்கு அடுத்த வீட்டு மாமாவும் சேர்ந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பாரம்.

காக்கா டோஹாவில் கட்டட வரைபடங்கள் வரையும் ஓர் ஒபிஸில் வேலை செய்தார். நான் உயர்தரத்தில் இணைந்த கணிதத்துடனும் பௌதிகவியலுடனும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் படிக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து, "உனக்கு ஒரு நல்ல கொம்பியூட்டர் அனுப்புறன் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னபடி அனுப்பியும் விட்டார். எட்டுக் கோர்கள் கொண்ட செயலி, 32 ஜிபி ரெம், கோப்புகளை நொடியில் எடுத்துத் தரும் எஸ்எஸ்டி. எங்கள் கணினி கூடத்தில் உள்ளவற்றுக்கு 4 ஜிபிதான். விபரங்களை எழுதிக்கொண்டுபோய்க் காட்டியபோது டீச்சர் இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார்.

வைஃபை இணைத்த முதல் நாளே குறை தெரிந்துவிட்டது. கணினியை இயக்கினால் அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடும். பெரிய வரைபட மென்பொருளைக்கூடத் தயங்காமல் திறக்கும். ஆனால் இணைய உலாவியைத் திறந்தால் மட்டும் வெள்ளைத் திரையோடு அப்படியே நின்றுவிடும். சிறிய வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். ஈ-தக்சலாவ தளத்தில் ஒரு பாடத்தைப் பார்க்கவோ, கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுக்கவோ ஒவ்வொரு தடவையும் இந்தக் காத்திருப்புத்தான். அது முடிந்து முதல் பக்கம் வந்துவிட்டால் பிறகு எல்லாம் வேகம். மூடிவிட்டு மீண்டும் திறந்தால் பழைய கதை. இத்தனைக்கும் உம்மாவின் பழைய கைத்தொலைபேசி, அதே வைஃபையில் அதே தளத்தை இரண்டு மூன்று செக்கனில் திறந்துவிடும்.

"காக்காக்கிட்ட கேட்டுப் பாப்பமா உம்மா?" என்றேன்.

"வேணாம் மகள். புள்ள ராவு பகலாப் பாடுபட்டு அனுப்பின சாமான். குறை சொன்னா மனசு நோகும்" என்றார் உம்மா.

அதனால் காக்கா அழைத்து, "கொம்பியூட்டர் எப்படி?" என்று கேட்ட ஒவ்வொரு தடவையும், "நல்லா இரிக்கி காக்கா, மிச்சம் வேகம்" என்றே சொன்னேன். பாதி உண்மை என்பதால் நாவு தடுமாறவில்லை. முன்பெல்லாம் பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒபிஸிலிருந்தே அழைப்பார். பின்னால் சுவரில் பெரிய வரைபடங்கள் தொங்கும். இப்போது இரவில்தான் எடுத்தார். கட்டார் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்பதால், அவர் அழைக்கும்போது இங்கே நள்ளிரவைத் தொட்டிருக்கும். வேலை கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

இரண்டு மாதங்கள் நான் செய்ததெல்லாம் பிழையான வேலைகள். முதலில் தம்பியைக் குற்றம் சாட்டினேன். "நீதான் கேம் இறக்கிப் பழுதாக்கிப்போட்ட" என்று ஏசினேன். அவன் இல்லையென்று அழுதான்; நான் நம்பவில்லை. அடுத்ததாகக் கணினியை வேகமாக்கும் என்று சொல்லப்பட்ட இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். அது வேகமாக்கவில்லை, மூலைக்கு மூலை விளம்பரங்களைத்தான் கொண்டுவந்தது. அதை நீக்க ஒரு முழுப் பின்னேரம் போனது. பிறகு உலாவியை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினேன். மாற்றமில்லை.

கடைசியில் வாப்பா டவுனில் உள்ள கடையொன்றுக்குத் தொலைபேசியில் பேசினார். அவர்கள் கணினியைப் பார்க்காமலேயே, "எஸ்எஸ்டியை மாத்தணும், விண்டோஸைப் புதுசாப் போடணும், 25,000 ரூபா வரும்" என்றார்கள். அந்த மாதம் உம்மாவுக்குச் சீட்டு விழுந்திருந்தது. கூரையின் பின்பக்கம் ஒழுகுவதைத் திருத்த வைத்திருந்த காசு. "படிப்புக்குத்தானே, எடுங்க" என்றார் உம்மா. எனக்குத் தொண்டை அடைத்தது. "ஒரு கிழமை பொறுங்க வாப்பா, நான் இன்னொருக்காப் பாக்கிறன்" என்றேன்.

அடுத்த நாள் டீச்சரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் தீர்வு எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்த நேரத்தில அது வேலை செய்யுதா, காத்துக்கிட்டு இருக்கா?"

எனக்கு விளங்கவில்லை. "ரெண்டும் வெளியில இருந்து பாத்தா ஒண்டுதான். வட்டம் சுத்தும். ஆனா ரெண்டுக்கும் மருந்து வேற. முதல்ல அளந்து பாருங்க, பிறகு பேசுவம்" என்றார்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு கொப்பியையும் கைத்தொலைபேசியின் நிறுத்தற் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பௌதிகவியல் செயன்முறைக்கு வரைவதுபோல ஓர் அட்டவணை வரைந்தேன். உலாவியைத் திறப்பது, முதல் பக்கம் வரும்வரை எண்ணுவது, மூடுவது, மீண்டும் திறப்பது. பத்துத் தடவைகள். 21, 21, 22, 21, 21, 21, 22, 21, 21, 21.

பத்து அளவீடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. அதுதான் எனக்கு விசித்திரமாகப் பட்டது. களைத்த மனிதன் ஒரு நாள் பத்து நிமிடத்தில் நடந்து வருவான், இன்னொரு நாள் இருபது நிமிடம் எடுப்பான். பாரமான வேலையைச் செய்யும் கணினியும் அப்படித்தான், கூடிக் குறைய வேண்டும். இதுவோ மணியடித்ததுபோல ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் விழிக்கிறது.

அடுத்து கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அந்த 21 செக்கன்களிலும் செயலியின் பயன்பாடு இரண்டு மூன்று சதவீதத்தைத் தாண்டவில்லை. எஸ்எஸ்டி சும்மா கிடந்தது. 32 ஜிபி ரெம்மில் ஐந்தோ ஆறோதான் பயன்பாட்டில் இருந்தது. எங்கள் பலசாலி கணினி எந்த வேலையும் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் எஸ்எஸ்டியை மாற்றினாலும் ரெம்மை இரண்டு மடங்காக்கினாலும் அது இன்னும் வசதியாக உட்கார்ந்து காத்திருக்கும், அவ்வளவுதான்.

சுற்றும் வட்டத்தையும் அன்றுதான் சரியாகக் கவனித்தேன். குரோம் உலாவியில் அந்த வட்டம் முதலில் இடஞ்சுழியாகவும் பிறகு வலஞ்சுழியாகவும் சுற்றும். இடஞ்சுழியாகச் சுற்றினால் இன்னும் பதிலுக்காகக் காத்திருக்கிறது. வலஞ்சுழியாகச் சுற்றினால் பக்கம் வரத் தொடங்கிவிட்டது என்று பொருள். எங்களது 21 செக்கன்களும் இடஞ்சுழி.

இனி கேள்வி, யாருக்காகக் காத்திருக்கிறது என்பது.

செயன்முறைகளில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும் என்று படித்திருக்கிறோம். அப்படியே செய்தேன். உலாவியில் காக்கா சேர்த்திருந்த நீட்சிகள் எல்லாவற்றையும் நிறுத்தினேன்: 21. புதிய பயனர் கணக்கொன்றை உலாவிக்குள் உருவாக்கித் திறந்தேன்: 21. குரோமை விட்டுவிட்டு விண்டோஸோடு வரும் எட்ஜ் உலாவியைத் திறந்தேன்: அதுவும் 21! இரண்டு வேறு உலாவிகளுக்கு ஒரே நோய் என்றால், நோய் உலாவியில் இல்லை.

நான் கொப்பியோடு விழித்திருப்பதைப் பார்த்த வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வட்டையிலிருந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அட்டவணையை விளக்கினேன். அவர் கணினி படித்தவர் அல்லர். முப்பது வருடங்களாக நெல் செய்பவர்.

"வயலுக்குத் தண்ணி வரல்லண்டா வயலக் கொத்திப் பாக்கிறல்ல மகள். வாய்க்கால் வழிய நடந்து பாக்கணும். எங்கயோ ஒரு மடை அடைபட்டிருக்கும்" என்றார்.

வாய்க்கால் என்றால் வலையமைப்பு. வைஃபையைத் துண்டித்துவிட்டு உலாவியைத் திறந்தேன். இணையம் இல்லை என்ற செய்தி உடனே, ஒரு செக்கன்கூட எடுக்காமல், வந்தது. இணைத்தேன்: 21. துண்டித்தேன்: உடனே. வாய்க்காலை மூடினால் காத்திருப்பதில்லை, திறந்தால் காத்திருக்கிறது. அப்படியென்றால் வாய்க்கால் வழியாக யாரையோ அழைத்துப் பார்க்கிறது. அந்த யாரோ பதில் சொல்வதில்லை.

திரையின் இடப்பக்கக் கீழ் மூலையில் மிகச் சிறிய எழுத்தில் ஒரு வரி தோன்றி மறைவதை வாப்பாதான் சுட்டிக்காட்டினார். "அது என்ன எழுத்து?" இரண்டு மாதங்களாக ஒவ்வொரு நாளும் என் கண் முன்னால் வந்துபோன வரி. நான் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர அதை ஒரு நாளும் வாசித்ததில்லை. "ரிசோல்விங் ப்ரொக்ஸி" என்று இருந்தது.

ப்ரொக்ஸி என்பதைப் பாடத்தில் படித்திருந்தேன். பெரிய ஒபிஸ்களில் கணினிகள் ஒவ்வொன்றும் நேரடியாக இணையத்துக்குப் போவதில்லை. இடையில் ஒரு கணினி வாசற்காவலர்போல நின்று எல்லோருடைய போக்குவரத்தையும் பார்த்துக்கொள்ளும். எந்தத் தளத்துக்கு எந்த வழியால் போக வேண்டும் என்று எழுதிவைத்த சிறு கோப்பொன்றை, உலாவி திறக்கும்போதே ஒபிஸின் சேவையகத்திலிருந்து எடுத்துப் படிக்கும்.

விண்டோஸ் அமைப்புகளில் வலையமைப்புப் பகுதிக்குள் ப்ரொக்ஸி பக்கத்தைத் திறந்தேன். அமைவுக் கோப்பைப் பயன்படுத்து என்ற தெரிவு இயக்கத்தில் இருந்தது. அதன் கீழே ஒரு முகவரி. 10 என்ற எண்ணில் தொடங்கியது. 10இல் தொடங்கும் முகவரிகள் தனியார் முகவரிகள், ஒரு நிறுவனத்தின் உள் வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் என்பது வகுப்பில் நான் மனனமிட்ட விடயம். பரீட்சைக்காக மனனமிட்டது எங்கள் தையல் மேசையில் உயிரோடு உட்கார்ந்திருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது. காக்கா தன் வேலைக் கோப்புகளை அழித்திருந்தாலும் விண்டோஸை அப்படியே விட்டிருக்கிறார். கணினி கடல் தாண்டி வந்தும் தான் இன்னும் டோஹாவின் ஒபிஸில் இருப்பதாகவே நினைக்கிறது. உலாவியைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஒபிஸ் வாசலைத் தட்டுகிறது.

அந்த 21 எங்கிருந்து வந்தது என்பதை அடுத்த நாள் டீச்சர் விளக்கினார். இணைப்புக் கேட்டு ஓர் அழைப்பை அனுப்பிவிட்டுக் கணினி 3 செக்கன் காத்திருக்கும். பதில் இல்லையென்றால் மீண்டும் அழைத்து, இம்முறை இரண்டு மடங்காக 6 செக்கன் பொறுக்கும். அதற்கும் பதில் இல்லையென்றால் மூன்றாம் முறை அழைத்து 12 செக்கன். அதன் பிறகே கைவிட்டு நேர்வழியால் போகும். 3, 6, 12. சாதாரண தரத்தில் படித்த பெருக்கல் விருத்திதான். பொது விகிதம் 2, மூன்று உறுப்புகளின் கூட்டுத்தொகை 21. என் கொப்பியில் பத்து வரிகளாக இருந்த எண்ணுக்கு ஒரு வரியில் விடை கிடைத்தபோது மேனி சிலிர்த்தது.

இதற்கிடையில், அமைப்பைக் கண்டுபிடித்த அதே இரவில், அதை நிறுத்துவதற்கு முன் எனக்கு ஒரு தயக்கம் வந்தது. காக்காவின் அமைப்பு. எப்போதாவது இங்கிருந்து ஒபிஸ் வேலைக்குத் தேவைப்படுமோ? கேட்டுவிடுவோம் என்று வட்ஸ்அப்பில் அழைத்தேன். சலாம் சொல்லிவிட்டு, இரண்டு மாதங்களாக மறைத்ததை முதலில் சொன்னேன். "காக்கா, கொம்பியூட்டர் வேகம் எண்டு பொய் சொல்லிட்டன், மன்னிச்சுக்கங்க. உங்கட ஒபிஸ் ப்ரொக்ஸி முகவரி ஒண்டு இதில இரிக்கி. அதத்தான் ஒவ்வொரு நாளும் தேடிக்கிட்டு இருந்திரிக்கி. எடுத்து விடவா?"

மறுபக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். அறவில்லை.

"எடுத்து விடு தங்கச்சி" என்றார் காக்கா மெதுவாக. "இஞ்ச தேடினாலும் அது இல்ல. ஒபிஸ மூடிட்டாங்க."

கணினியை அனுப்பிய அதே மாதம். மூடும்போது சாமான்களை வேலையாட்களுக்கே மலிவு விலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் போனஸில் வாங்கியது என்று நினைத்த கணினி அப்படித்தான் வந்திருக்கிறது. இப்போது ஒரு களஞ்சியத்தில் பெட்டிகளைக் கணக்கெடுக்கும் வேலை. சம்பளம் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் வீட்டுக்கு வரும் காசு ஒரு மாதமும் குறையவில்லை. அவர் எதைக் குறைத்திருப்பார் என்று நான் கேட்கவில்லை. "வாப்பாட்ட சொல்லிராத. மனசு நோகும்" என்றார்.

உம்மா சொன்ன அதே சொல். அவர் மனம் நோகக்கூடாதென்று நாங்கள் மறைத்தோம். எங்கள் மனம் நோகக்கூடாதென்று அவர் மறைத்தார்.

ஆனால் வாப்பா எனக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். ஏசுவார் என்று பயந்தேன். "மகன், சாப்பிட்டியா?" என்று கேட்டார். பிறகு சொன்னார்: "ஹலாலான வேலை எதிலயும் குறை இல்ல. ஆனா எங்களுக்குத் தெரியாம நீ தனியச் சுமக்காத. என்ன நடக்குதெண்டு தெரிஞ்சா பொறுக்கலாம் மனே." உம்மாவும் எழுந்து வந்துவிட்டார். அன்றிரவு அந்த அழைப்பு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தது.

அழைப்பு முடிந்த பிறகு தெரிவை நிறுத்தினேன். தூங்கிக்கொண்டிருந்த தம்பியை எழுப்பி மன்னிப்புக் கேட்டேன். உலாவியை அவனையே திறக்கச் சொல்லி நான் நேரம் பார்த்தேன். 2 செக்கன். பத்துத் தடவைகள் திறந்தோம். அட்டவணையின் கடைசி நிரலைத் தம்பிதான் தன் கையால் எழுதினான்.

டவுன் கடைக்காரர் விண்டோஸைப் புதிதாக நிறுவியிருந்தால் இந்தக் குறை தீர்ந்திருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய அமைப்புகளோடு அந்த முகவரியும் அழிந்திருக்கும். 25,000 ரூபாவும் போயிருக்கும். ஆனால் எதனால் குணமானது என்று எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்த முகவரிக்குப் பின்னால் என் காக்கா தனியாக நின்றுகொண்டிருந்ததும் தெரிந்திருக்காது.

இதை வாசிக்கும் சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். கணினி தாமதித்தால் உடனே காசைச் செலவழிக்காதீர்கள், வீட்டில் உள்ள சின்னவர்களை ஏசவும் வேண்டாம். முதலில் நேரத்தை அளந்து எழுதுங்கள். அது வேலை செய்கிறதா காத்திருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். திரையில் தெரியும் சின்ன எழுத்துகளையும் வாசியுங்கள். காத்திருக்கிறது என்று தெரிந்தால், யாருக்காக என்று கேளுங்கள்.

சீட்டுக் காசில் கூரை திருத்தப்பட்டது. இனி வீட்டுக்கு அனுப்பும் காசைப் பாதியாக்க வேண்டும் என்று உம்மா பிடிவாதம் பிடித்து, மூன்று நாள் வாதாட்டத்துக்குப் பின் காக்கா ஒத்துக்கொண்டார். கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, பல மாதங்களின் பின் முதல் தடவையாகப் பகலில் அழைத்தார். "இஞ்ச பாருங்க உம்மா, என்ட புது ஒபிஸ்" என்று கேமராவைத் திருப்பினார். கூரை வரை அடுக்கிய பெட்டிகள். ஓர் ஓரத்தில் ஒரு சிறிய மேசை, அதன் மேல் ஒரு கணக்குப் புத்தகம், பக்கத்தில் தேநீர்க் கோப்பை. உம்மா நீண்ட நேரம் பார்த்தார்.

"கோப்பையைப் புத்தகத்துக்குக் கிட்ட வைக்காத மகன், ஊத்துப்படும்" என்றார்.